65 ஆகப் போகிறது: அட்வான்டேஜா, மெடிகேப்பா?

எடிசன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். வருகிற ஜூன் 1, 2026 அன்று எனக்கு 65 முடிகிறது (சர்டிபிகேட்படி. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி, பாதி வகுப்புக்கு அதே ஜூன் 1தான்). தபால் பெட்டியைத் திறந்தால் மெடிகேர் (65 ஆனவர்களுக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸ்) விளம்பரமாகக் கொட்டுகிறது. போன வாரம் கோயில் ஹாலில் ஒரு ஏஜெண்ட் வந்து பேசினார், நம்ம ஊர்க்காரர்தான். அட்வான்டேஜ், அதாவது மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாக வாங்கும் பிளான் என்றால் பிரீமியம் பூஜ்யம், பல், கண்ணாடி, ஜிம் எல்லாம் சேர்ந்தே வரும், இதை விட்டுவிட்டு மெடிகேர் கட்டாத பங்கைக் கட்டும் மெடிகேப்புக்கு மாதாமாதம் கட்டுபவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்கிற மாதிரி சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த நாட்டில் யாராவது இலவசம் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

என் நிலவரம்: நியூஜெர்சி. சர்க்கரை உண்டு, மாத்திரையில் ஓடுகிறது. ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சின்ன கன்சல்டிங் கம்பெனி வழியாக இன்னும் வேலை பார்க்கிறேன், மொத்தமே பதினைந்து பேர். மனைவிக்கு 61, என் இன்ஷூரன்ஸில்தான் இருக்கிறார். குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் சென்னையில் இருக்கலாம் என்று ஒரு ஆசை. வேலை இருக்கும்வரை மெடிகேர் பக்கமே போகாமல் இருந்துவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

டெக்சஸ் வள்ளி:
தம்பி, நான் பல வருடமாக அட்வான்டேஜில்தான் இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. இரண்டு கண்ணிலும் கேட்டராக்ட் செய்தாயிற்று, கோபே (ஒவ்வொரு தடவையும் நம் பங்கு) கட்டினேன், அவ்வளவுதான். என் டாக்டர், கார்டியாலஜிஸ்ட், பக்கத்து ஆஸ்பத்திரி எல்லாம் நெட்வொர்க்கில், அதாவது பிளானோடு ஒப்பந்தம் போட்டவர்கள் லிஸ்டில், இருக்கிறார்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், பூஜ்யம் என்பது பிளானுக்குத்தான். மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி பணம் இந்த வருடம் (2026) மாதம் 202.90 டாலர், அதை சோஷியல் செக்யூரிட்டியிலேயே பிடித்துக்கொள்வார்கள், எந்தப் பக்கம் போனாலும் அது உண்டு. இதை அந்த ஏஜெண்ட் சொன்னாரா?

கரிசல்காட்டான்:
சொல்லியிருக்க மாட்டார். அட்வான்டேஜில் ஆள் சேர்த்தால் ஏஜெண்டுக்குக் கிடைக்கும் கமிஷன் பெரும்பாலும் மெடிகேப்பைவிட அதிகம். குற்றம் சொல்லவில்லை, அவருக்கும் பிழைப்பு. ஆனால் அவர் சொல்வதை அந்தக் கண்ணோடு கேளுங்கள். காசு வாங்காத ஆலோசகர் வேண்டுமென்றால் எல்லா மாநிலத்திலும் ஷிப் என்று அரசு நிதியில் நடக்கும் சேவை இருக்கிறது, எதையும் விற்க மாட்டார்கள்.

பழைய பில்லிங்காரி:
ஆஸ்பத்திரி பில்லிங் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அட்வான்டேஜா மெடிகேப்பா என்பதை ஓரமாக வையுங்கள் சார். நீங்கள் எழுதியதில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்தப் பதினைந்து பேர்தான். கம்பெனியில் 20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் கம்பெனி இன்ஷூரன்ஸ் முதலில் கட்டும், மெடிகேர் இரண்டாவது, அதனால் பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம். 20-க்குக் கீழே என்றால் அப்படியே தலைகீழ், 65 ஆன மாதத்திலிருந்து மெடிகேர்தான் முதல். நீங்கள் பார்ட் பி எடுக்காமல் இருந்தால், மெடிகேர் கட்டியிருக்க வேண்டிய பங்கைக் கட்ட மாட்டோம் என்று கம்பெனி இன்ஷூரன்ஸ் கையை விரிக்கலாம். நம்மவர்கள் நிறையப் பேர் இப்படிச் சின்னக் கன்சல்டிங் கம்பெனிகளில்தான் இருக்கிறார்கள், அங்கே ஹெச்ஆர் என்று தனியாக யாரும் கிடையாது, முதலாளிக்கே இந்த விதி தெரிந்திருக்காது. வேலை போனபின் கோப்ரா (பழைய கம்பெனி பிளானையே சொந்தக் காசில் கொஞ்ச நாள் நீட்டிப்பது) வாங்கிக்கொண்டு, அதுதான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று பார்ட் பி எடுக்காமல் இருப்பவர்களும் உண்டு. கோப்ரா அந்தக் கணக்கில் சேராது. தாமதமாகச் சேர்ந்தால் ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம், ஒரு தடவை இல்லை, பார்ட் பி இருக்கும்வரை ஆயுசுக்கும்.

அப்புறம் உங்கள் வாத்தியார் போட்ட தேதி. ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு மெடிகேர் ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கும். அதாவது உங்களுக்கு மே 1. பதிவு செய்ய ஏழு மாத அவகாசமும் அதற்கேற்ப பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை. மே 1-லேயே தொடங்க வேண்டுமென்றால் ஏப்ரல் முடிவதற்குள் போட்டுவிடுங்கள். ஹெச்எஸ்ஏ-வில் (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) பணம் போடுகிறீர்கள் என்றால் மே 1-லிருந்து அதையும் நிறுத்த வேண்டும்.

இப்போது அந்தக் கேள்வி. நியூஜெர்சியில் உங்களுக்குப் பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதம், அந்த ஆறு மாதம் மட்டும், எந்த மெடிகேப் கம்பெனியும் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க முடியாது. ஸ்டென்ட் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, எதுவும் கிடையாது, பக்கத்து வீட்டு மாரத்தான்காரருக்கு என்ன விலையோ அதே விலை. அது முடிந்தபின் விண்ணப்பித்தால் நான்கு பக்கத்துக்குக் கேள்வி வரும், ஸ்டென்டும் சர்க்கரையும் சேர்ந்தவரை எத்தனை கம்பெனி எடுக்கும் என்று நினைக்கிறீர்கள்? நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் மாதிரிச் சில மாநிலத்தில்தான் பிறகும் கேள்வி இல்லாமல் சேரலாம். நீங்கள் ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூஜெர்சியில் இருக்கிறீர்கள். மெடிகேப்பிலிருந்து அட்வான்டேஜுக்கு எந்த வருடமும் போகலாம், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை கதவு திறந்தே இருக்கும். திரும்பி வருவதுதான் கஷ்டம். ஏஜெண்ட் இதைச் சொல்லாமல் பல்லையும் ஜிம்மையும் பற்றிப் பேசினார் என்றால் முக்கியமானதை விட்டுவிட்டார்.

மறுபக்கம்:
எல்லாம் சரி மேடம், ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். முதல் தடவை 65-ல் அட்வான்டேஜில் சேர்ந்தவர் 12 மாதத்துக்குள் பிடிக்கவில்லை என்று ஒரிஜினல் மெடிகேருக்கு (அரசே நேரடியாகக் கட்டுவது) திரும்பினால், கேள்வி இல்லாமல் மெடிகேப் வாங்க உரிமை உண்டு. அட்வான்டேஜ் பிளான் உங்கள் ஊரைவிட்டே போய்விட்டாலும் உண்டு. கதவு ஒரேயடியாகச் சாத்தப்படுவதில்லை.

மெடிகேப்பின் விலையும் அப்படியே நிற்காது. வயது ஏற ஏற ஏறும். 65-ல் கட்டுவது 80-ல் எங்கேயோ போய் நிற்கும், அப்போது உங்களிடம் சம்பளம் இருக்காது. தகுதி உள்ளவர்களில் பாதிக்கு மேல் இன்று அட்வான்டேஜில்தான் இருக்கிறார்கள், அத்தனை பேரும் ஏமாளிகளா?

இன்னொன்று. ஒரிஜினல் மெடிகேர் என்றால் முன் அனுமதித் தொல்லையே இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். 2026 ஜனவரியிலிருந்து வைசர் என்று ஒரு சோதனைத் திட்டம் ஒரிஜினல் மெடிகேரிலேயே வந்திருக்கிறது, ஆறு மாநிலம், அதில் நியூஜெர்சி ஒன்று. டெக்சஸும் உண்டு வள்ளியம்மா. சில குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு இனி அங்கேயும் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், இல்லையென்றால் பணம் தருமுன் பில்லைச் சோதிப்பார்கள்.

பழைய பில்லிங்காரி:
12 மாதக் கணக்கு சரிதான், நான் விட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் 12 மாதத்தில் யாருக்குப் பிளானில் குறை தெரியப் போகிறது? எல்லாரும் நடமாட்டமாக இருக்கும் வருடம் அது.

வைசரில் வருவது சில சிகிச்சைகள்தான், மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் குழாய் விட்டுச் செய்வது, நரம்பைத் தூண்டும் கருவி, ஆறாத புண்ணுக்கு ஒட்டும் செயற்கைத் தோல், இந்த மாதிரி. அட்வான்டேஜில் அப்படி இல்லை, ஸ்கேனிலிருந்து ஆஸ்பத்திரி விட்டு ரிஹாபுக்கு (தேறும்வரை தங்கிச் சிகிச்சை பெறும் இடம்) போவது வரை அனுமதி. 2022-ல் அரசின் சுகாதாரத் துறைத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் பெரிய அட்வான்டேஜ் கம்பெனிகளின் நிராகரிப்புகளை எடுத்துப் பார்த்தது, மறுக்கப்பட்ட முன் அனுமதிகளில் 13 சதவீதம் மெடிகேர் விதிப்படி தந்திருக்க வேண்டியவை. மேல்முறையீடு செய்தால் பத்தில் எட்டு மாற்றப்படுகிறது என்று கேஎஃப்எஃப் என்கிற சுகாதார ஆய்வு அமைப்பு வருடா வருடம் கணக்குப் போடுகிறது. செய்பவர்கள்தான் பத்தில் ஒருவர் அளவுக்கு.

நான் வேலையில் இருந்தபோது அடிக்கடி கையில் வாங்கிய ஒரு தாளைச் சொல்கிறேன். இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் முடிந்து ரிஹாபில் படுத்திருப்பார் பாட்டி. ஒரு நாள் மத்தியானம் ஒரு படிவம் வரும், இன்ன தேதியோடு உங்கள் சேவைக்கு நாங்கள் கட்டுவது நிற்கிறது என்று மேலேயே தேதி இருக்கும், கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கொடுத்தால் போதும். எதிர்க்க வேண்டுமென்றால் நிற்கும் நாளுக்கு முந்தைய நாள் மதியம் 12 மணிக்குள் அதில் இருக்கும் நம்பருக்கு போன் செய்ய வேண்டும். பாட்டிக்கு இங்கிலீஷ் வராது, மகன் வேலையில் இருப்பான், சாயந்திரம் வந்து பார்ப்பான், தாள் தலையணை பக்கத்தில் கிடக்கும். இந்தத் தாள் ஒரிஜினல் மெடிகேரிலும் வரும், ஆனால் என் மேஜைக்கு வந்ததில் பெரும்பங்கு அட்வான்டேஜ்காரர்களுடையது. யாருக்காவது வந்தால் கையெழுத்துப் போடுவது சம்மதம் இல்லை, வாங்கிக்கொண்டேன் என்பது மட்டும்தான். உடனே போன் செய்யுங்கள்.

கரிசல்காட்டான்:
மேடம், ரிஹாப் பேச்சு வந்ததால் கேட்கிறேன், ஒரிஜினலில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் என்று ஏதோ உண்டே?

பழைய பில்லிங்காரி:
உண்டு, அதுவும் இன்பேஷண்டாக, அதாவது முறையாக அட்மிட் ஆகி. வார்டில் கட்டில் போட்டுப் படுக்க வைத்து, சாப்பாடு கொடுத்து, ஊசி போட்டு, கடைசியில் அப்சர்வேஷன் (வெறும் கண்காணிப்பு) என்று எழுதியிருப்பார்கள், அது கணக்கில் வராது. முதல் நாளே கேளுங்கள், இன்பேஷண்டா அப்சர்வேஷனா என்று. கணக்கில் வந்தால் முதல் 20 நாள் இலவசம், 21-லிருந்து 100 வரை ஒரு நாளைக்கு 217 டாலர், மெடிகேப் வகைகளில் ஒன்றான பிளான் ஜி இருந்தால் அதை அது கட்டும். இந்த இடத்தில் அட்வான்டேஜ் மேல், பல பிளான்கள் மூன்று நாள் விதியைக் கேட்பதில்லை. நூறு நாளுக்கு மேல் யாரும் கட்டுவதில்லை, வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கு எந்த மெடிகேரும் கிடையாது.

எடிசன்வாசி:
பதினைந்து பேர் விஷயம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நாளைக்கே முதலாளியிடம் கேட்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். பிளான் ஜி மாதம் 180 சொச்சம் என்று கோட் வருகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 2,160, அதோடு பார்ட் பி டிடக்டிபிள் (வருடத்தில் முதலில் நாமே கட்டும் தொகை) 283 என் கையிலிருந்து, ஆக ஏறக்குறைய 2,450. அதற்குப் பிறகு மெடிகேர் ஏற்றுக்கொள்ளும் செலவில் எனக்குப் பங்கே இல்லை. மருந்துக்குப் பார்ட் டி தனியாக. அட்வான்டேஜ் என்றால் நல்ல வருடத்தில் சில நூறு டாலர் கோபே, கெட்ட வருடத்தில் நெட்வொர்க்குக்குள் 9,250 வரை போகலாம். மெடிகேப்பும் இல்லாமல் அட்வான்டேஜும் இல்லாமல் வெறும் ஒரிஜினல் என்றால் பார்ட் பி செலவில் 20 சதவீதம் என் பங்கு, உச்சவரம்பே இல்லை. இதில் இரண்டாம் கெட்ட வருடம் வந்தால்?

மறுபக்கம்:
கணக்கு சரி. 9,250 என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சம், பல பிளான்களில் அதைவிடக் குறைவு, உங்கள் கவுன்டியில் என்ன என்று பாருங்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் உங்களுக்கு நானே மெடிகேப்தான் சொல்வேன். என் வாதம் எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதாதீர்கள் என்பதுதான். மாதம் 180 டாலர் ஒருவருக்குக் காபிச் செலவு, இன்னொருவருக்கு மளிகைச் செலவு.

அப்புறம் வருமானம். 2026 பார்ட் பி-க்கு 2024 வரிக் கணக்கைப் பார்ப்பார்கள். கணவன் மனைவி சேர்ந்து 218,000-க்கு மேல் என்றால் 202.90 இல்லை, 284.10-லிருந்து தொடங்கும். இரண்டு பேர் ஐடியில் இருந்த வீடு என்றால் மாட்டுவீர்கள். வேலையை விட்டதும் வருமானம் குறைந்துவிட்டது என்று எஸ்எஸ்ஏ-44 படிவம் போட்டால் குறைப்பார்கள்.

அரைவருஷச் சென்னை:
சென்னை போக்குவரத்து பற்றி நான் சொல்கிறேன், அதுதான் என் பிழைப்பு. ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவில் செல்லாது, ஒரு பைசா தராது. மெடிகேப்பில் பிளான் ஜி (G), பிளான் என் (N) இரண்டிலும் வெளிநாட்டு அவசரச் சிகிச்சை உண்டு, ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வந்த அவசரத்துக்கு மட்டும், 250 டாலர் டிடக்டிபிள் போக 80 சதவீதம், ஆயுசுக்கும் சேர்த்து 50,000 டாலர். மூன்று மாதம் என்கிறீர்கள், மூன்றாம் மாதம் வெயில் தொடங்கும்போது உங்களுக்கு ஒன்றும் இல்லை, டிராவல் இன்ஷூரன்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு வந்துதான் கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, வகைவாரியாகப் பிரித்த பில், ரசீது மூன்றையும் இங்கிலீஷில், சீல் வைத்து வாங்குங்கள். மொத்தமாக ஒரே தொகை போட்ட துண்டு ரசீதை இங்கே யாரும் மதிப்பதில்லை.

சில அட்வான்டேஜ் பிளான்களிலும் உலகம் முழுக்க அவசரச் சிகிச்சை உண்டு, அதைப் பொய் சொல்லக் கூடாது. ஆனால் என்னைப் போல ஆறு மாதம் தாண்டி வெளியே இருந்தால் பெரும்பாலான பிளான்கள் பெயரை எடுத்துவிடும். அமெரிக்காவுக்குள்ளும் அப்படித்தான், பேரனைப் பார்க்க கலிஃபோர்னியா போய் நான்கு மாதம் இருப்பவருக்கு ஹெச்எம்ஓ (நெட்வொர்க்குக்குள் மட்டும் கட்டும் அட்வான்டேஜ் வகை) என்றால் அவசரம் தவிர வேறு எதற்கும் அங்கே டாக்டர் பார்க்க முடியாது. மெடிகேப் என்றால் மெடிகேர் வாங்கும் எந்த டாக்டரிடமும் போகலாம், எந்த மாநிலமானாலும். அங்கும் இங்குமாகக் குடித்தனம் நடத்துபவர்கள் பூஜ்யம் பிரீமியத்தைப் பார்க்காமல் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பொள்ளாச்சி பாபு:
இழையைத் திருப்புகிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்கு 74. கிரீன் கார்டில் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அம்மா இங்கே வேலை பார்த்ததே இல்லை. ஒருவர் அம்மாவையும் இந்த பூஜ்யம் பிரீமியம் பிளானில் சேர்த்துவிடலாம் என்கிறார். முடியுமா?

பழைய பில்லிங்காரி:
முடியாது தம்பி. குடியுரிமையும் இங்கே வேலை பார்த்த கணக்கும் இல்லாதவர் என்றால் கிரீன் கார்டோடு இங்கே தொடர்ந்து ஐந்து வருடம் இருந்திருக்க வேண்டும், அதன்பின்தான் மெடிகேர். அப்போதும் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ இலவசம் கிடையாது. 40 காலாண்டு, அதாவது பத்து வருடம், தானோ கணவரோ வேலை பார்த்து வரி கட்டியிருக்க வேண்டும். பிள்ளை கட்டிய வரி அம்மாவுக்குச் சேராது. காசு கொடுத்து வாங்கினால் 2026 விலையில் பார்ட் ஏ மட்டும் மாதம் 565, பார்ட் பி 202.90. பார்ட் பி மட்டும் தனியாக வாங்கலாம், ஆனால் ஏ, பி இரண்டும் இருந்தால்தான் அட்வான்டேஜும் கிடைக்கும், மெடிகேப்பும் கிடைக்கும். அந்த ஐந்து வருடத்தில் அம்மா ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினால் தொடர்ச்சி கெட்டதாகப் பார்க்க வாய்ப்பு உண்டு, பாஸ்போர்ட்டைப் புரட்டுவார்கள்.

அதுவரை மார்க்கெட்பிளேஸ் (தனியாக இன்ஷூரன்ஸ் வாங்க அரசு நடத்தும் சந்தை) பிளான்தான் வழி. 65 தாண்டியவர் என்றாலும் வாங்கலாம், வியாதியைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. கிரீன் கார்டு வந்து 60 நாளுக்குள் சேர்ந்திருக்கலாம், அது போய்விட்டதென்றால் வருடக் கடைசியில் திறக்கும்போதுதான். மானியம் உங்கள் வருமானத்தைப் பொறுத்தது, அம்மாவை உங்கள் வரியில் டிபெண்டன்ட் என்று காட்டினால் உங்கள் வீட்டு வருமானம்தான் கணக்கு. 2025 கடைசியோடு கூடுதல் மானியமும் போய்விட்டது, அதனால் விலையைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள்.

பொள்ளாச்சி பாபு:
ஐந்து வருடம் முடிந்தபின் மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) கிடைக்குமா?

பழைய பில்லிங்காரி:
அம்மாவுக்கு வருமானம் இல்லையே என்று நினைக்காதீர்கள். ஸ்பான்சர் செய்தபோது நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தின்படி உங்கள் வருமானத்தையும் அம்மாவுடையதாகச் சேர்த்துப் பார்க்கலாம். அம்மா குடியுரிமை வாங்கிவிட்டால் அந்தக் கணக்கு போய்விடும். உங்கள் மாநிலத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று ஷிப் ஆட்களிடம் கேளுங்கள், அவர்கள் தினமும் பார்ப்பது இது.

எடிசன்வாசி:
முதலாளியிடம் பேசிவிட்டேன். சரியாக எண்ணினால் பதினான்கு பேராம். அவருக்கும் இந்த விதி புதிது.

இன்னும் ஒரு சிக்கல். மே 1-லிருந்து ஏ, பி இரண்டும் எடுத்துவிடுகிறேன். மனைவிக்காகக் கம்பெனி இன்ஷூரன்ஸையும் வைத்துக்கொண்டால், எனக்கு அது இரண்டாவதாகக் கட்டுமே, மெடிகேப் இப்போதே வாங்க வேண்டுமா? பிறகு வேலையை விடும்போது ஆறு மாதம் தாண்டியிருக்குமே.

பழைய பில்லிங்காரி:
நல்ல கேள்வி. ஆறு மாதக் கடிகாரம் பார்ட் பி தொடங்கியதும் ஓட ஆரம்பித்துவிடும், நீங்கள் வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் மெடிகேருக்கு அடுத்ததாகக் கட்டும் கம்பெனி இன்ஷூரன்ஸ் முடிகிறது என்றால் 63 நாளுக்குள், கேள்வி இல்லாமல், பிளான் ஜி உட்படச் சில பிளான்களை வாங்க உரிமை உண்டு. முடிகிறது என்று இன்ஷூரன்ஸ் அனுப்பும் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் மெடிகேப் கம்பெனி நம்பாது.

ஆக, வேலை இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடும் என்றால் மனைவியோடு கம்பெனி பிளானிலேயே இருங்கள். இந்த வருடத்துக்குள் விட்டுவிடுவேன் என்றால் இப்போதே பிளான் ஜி, மனைவிக்கு கெட் கவர்ட் என்ஜேயில் (நியூஜெர்சியின் மார்க்கெட்பிளேஸ்) தனியாகப் பாருங்கள். கம்பெனி பிளானில் இருந்தால் அதன் மருந்துப் பகுதி மெடிகேர் தரத்துக்கு ஈடானதுதானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் பார்ட் டி-க்கும் மாதம் 1 சதவீதம் என்று அபராதம் சேரும்.

பிளான் ஜி எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஒரே பயன்தான், சட்டம் அப்படி. பெயரைப் பார்த்து அதிகம் கொடுக்காதீர்கள். போன நான்கைந்து வருடத்தில் விலையை எவ்வளவு ஏற்றினார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

டெக்சஸ் வள்ளி:
எல்லாரும் சேர்ந்து என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறீர்கள், நான் மாறுவதாக இல்லை! அக்டோபரில் புதுப் புத்தகம் வரும்போது என் டாக்டரும் ஆஸ்பத்திரியும் நெட்வொர்க்கில் இருக்கிறார்களா, என் மாத்திரைகள் லிஸ்டில் இருக்கின்றனவா என்று உட்கார்ந்து பார்க்கிறேன், இல்லையென்றால் வேறு அட்வான்டேஜ். மருந்துச் செலவுக்கு எப்படியும் வருடத்துக்கு 2,100 டாலர்தான் உச்சம், பார்ட் டி-யில் இருந்தாலும் இதில் இருந்தாலும். அந்தத் தாளைப் பற்றிச் சொன்னதை மட்டும் மகளுக்கு அனுப்பிவிட்டேன்.

எடிசன்வாசி:
வள்ளியக்கா, பல்லுக்கு உங்கள் பிளானில் உண்மையிலேயே எவ்வளவு தருகிறார்கள்? ஒரிஜினலில் அது இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

டெக்சஸ் வள்ளி:
சுத்தம் செய்வது, எக்ஸ்ரே இலவசம். கிரவுன், இம்பிளான்ட் என்று போனால் வருடத்துக்கு ஒரு வரம்பு, அது ஒரு பல்லுக்கே பத்தாது. நான் பெரிய வேலை எல்லாம் மதுரைக்குப் போகும்போதுதான் செய்துகொள்கிறேன்.